விமான நிறுவனங்கள் இணையும்போது நம் பணிமூப்பு என்னவாகிறது?

கேள்வி: நீலவானம்

வணக்கம். நான் ஒரு நடுத்தர விமான நிறுவனத்தில் கேபின் குழுவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். எங்களைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் நிறுவனத்தை வாங்கி, இரண்டையும் ஒரே பெயரில் இயக்கப் போவதாக அறிவிப்பு வெளியாகியிருக்கிறது. அரசு ஒப்புதல்கள் இன்னும் வரவில்லை. நிர்வாகம் கூட்டிய கூட்டத்தில், விமானத்தில் பணிபுரியும் எவரும் வேலை இழக்க மாட்டார்கள் என்று உறுதி அளித்தார்கள். ஆனால், எங்கள் பணிக்காலம் புதிய நிறுவனத்தில் எப்படிக் கணக்கிடப்படும், மாத அட்டவணையில் எங்களுக்கு எந்த இடம் கிடைக்கும், பணி தொடங்கும் விமான நிலையமான இப்போதைய தளத்திலேயே தொடர முடியுமா என்றெல்லாம் நாங்கள் கேட்டபோது, அவை இணைப்புக்குப் பிறகு முடிவு செய்யப்படும் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது.

சக ஊழியர்களில் சிலர் இப்போதே வேறு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு சிலர், பெரிய நிறுவனத்தோடு சேர்வது நன்மைதான் என்கிறார்கள். இத்தகைய இணைப்பைக் கடந்து வந்தவர்கள், சட்டமும் தொழிற்சங்க நடைமுறையும் அறிந்தவர்கள், ஊழியர்களுக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். நாங்கள் இப்போது எதைக் கேட்க வேண்டும், இணைப்புக்கு முன்பே விலகிவிடுவது நல்லதா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: கிழக்குக்காற்று

நான் கேபின் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தில் ஓர் இணைப்பைக் கடந்து வந்திருக்கிறேன். ‘எவரும் வேலை இழக்க மாட்டார்கள்’ என்ற உறுதிமொழி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. விமானத்தில் பணிபுரிபவருக்கு வேலை இருக்கிறதா என்பது எவ்வளவு முக்கியமோ, பணிமூப்புப் பட்டியலில் அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். எந்த வழித்தடத்தில் பறப்பது, பண்டிகை நாளில் வீட்டில் இருப்பதா, விடுப்பு எந்த மாதத்தில், எந்தத் தளத்தில் பணி, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியேறுவது என்பவற்றையெல்லாம் பல நிறுவனங்களில் அந்தப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. பட்டியலின் அடியில் இருப்பவர் மாதம் முழுவதும் காத்திருப்புப் பணியில், எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் கைப்பேசியை அருகிலேயே வைத்துக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பவர் தன் மாதத்தை முன்கூட்டியே திட்டமிடுவார். இருவருக்கும் பதவி ஒன்றே, சீருடை ஒன்றே. வாழ்க்கை மட்டும் முற்றிலும் வேறு.

இதற்கு எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டும் நிகழ்வு, 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் திவால் நிலையில் இருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியதுதான். டி.டபிள்யூ.ஏ.வின் கேபின் ஊழியர்கள், அவர்களுள் பல பத்தாண்டுகள் பறந்தவர்கள் உட்பட, ஒருங்கிணைந்த பட்டியலின் கடைசியில், அமெரிக்கனில் அப்போது இருந்த மிகப் புதிய ஊழியருக்கும் கீழே வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு விமானப் பயணம் சரிந்தது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்து மேல்நோக்கி நடந்தது. 2003-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அவர்கள் அனைவரும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார்கள். இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளில் அவர்களுக்கும் வேலை இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, காத்திருப்புக் காலம். யுனைடெட், கான்டினென்டல் இணைப்பு 2010 அக்டோபரில் சட்டப்படி நிறைவேறியது. கேபின் ஊழியர்களின் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து செய்யும் ஒரே கூட்டு ஒப்பந்தம் 2016 ஆகஸ்டில்தான் ஏற்கப்பட்டது. அதன் பிறகும், இரு பழைய குழுக்களும் ஒரே விமானத்தில் கலந்து பணியாற்றத் தொடங்க 2018 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலமும் பயணிகளின் கண்ணுக்கு அது ஒரே நிறுவனம். உள்ளே இரண்டு ஒப்பந்தங்கள், இரண்டு அட்டவணைகள்.

வெளியில் பேசப்படாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவசர காலத்தில் பயணிகளை வெளியேற்றும்போது நாம் உரக்கச் சொல்லும் கட்டளைச் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். கதவை இயக்கும்போது பின்பற்றும் சரிபார்ப்பு வரிசையும் அப்படியே. ஆண்டுதோறும் பயிற்சியில் சொல்லிச் சொல்லி நாவிலும் கையிலும் ஊறிப்போன ஒன்றை மறந்துவிட்டு, அதே கதவின் முன் நின்று வேறு சொற்களைச் சொல்லப் பழகுவது எளிதன்று. எங்கள் மறுபயிற்சியில் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். மதிப்பெண் குறைந்தபோது, தாங்கள் அதுவரை செய்த வேலைக்கே மதிப்பு இல்லாமல் போய்விட்டதைப் போல அவர்கள் வருந்தியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். மறுபயிற்சிக்குப் போதிய நாட்களும், அந்த நாட்களுக்கு முழு ஊதியமும் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்.

பதில்: ஒப்பந்தமேசை

நான் விமானிகள் சங்கம் ஒன்றின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவன். கிழக்குக்காற்று அம்மா சொன்னதோடு, பட்டியல் எவ்வாறு உருவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு பணிமூப்புப் பட்டியல்களை ஒன்றாக்க, எல்லோரும் ஏற்கும் ஒரே வழி என்று எதுவும் இல்லை. பணியில் சேர்ந்த நாளை மட்டும் வைத்து அடுக்கலாம். ஆனால் பழைய நிறுவனம், வளர்ந்துவரும் இளைய நிறுவனத்தோடு சேர்ந்தால், இளைய நிறுவனத்தில் விரைவில் கேப்டன் ஆகியிருக்கக்கூடியவர்கள் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். இரு பட்டியல்களிலும் ஒருவர் மேலிருந்து எத்தனையாவது விழுக்காட்டில் இருந்தார் என்று பார்த்து விகித அடிப்படையில் கோக்கலாம். அப்போது, பணிக்காலத்தை நம்பியிருந்த மூத்தவர்கள் தங்களைவிட மிகவும் பின்னால் சேர்ந்தவர்களுக்கு அருகில் வந்து நிற்பார்கள். இயக்கும் விமான வகை, பதவி, இணைப்பு இல்லாதிருந்தால் அவரவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு ஆகியவற்றைக் கலந்தும் கணக்கிடுவார்கள். பெரும்பாலும் இவற்றின் கலவையோடு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரப்பின் பெரிய விமானங்களை மறு தரப்பினர் கோர முடியாது என்பது போன்ற தடுப்பு விதிகளும் சேர்க்கப்படும். எந்த முறையைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் இழப்பார். ஆகவே முறையைவிட, முடிவெடுக்கும் நடைமுறையின் நேர்மைக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

யு.எஸ். ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் நிறுவனங்கள் 2005-இல் இணைந்தபோது நடந்தது நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம். இரு தரப்பு விமானிகளும் ஒரே சங்கத்தில் இருந்தும் உடன்பாடு எட்டவில்லை. பட்டியலை முடிவு செய்ய நியமிக்கப்பட்ட நடுவர் 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். யு.எஸ். ஏர்வேஸின் பெரிய விமானங்களை இயக்கிய மிக மூத்தவர்களை அவர் உச்சியில் வைத்தார். ஆனால், அந்நிறுவனத்தில் தற்காலிகமாகப் பணிநிறுத்தம் செய்யப்பட்டிருந்தவர்களை, அமெரிக்கா வெஸ்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கீழே வைத்தார். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்த யு.எஸ். ஏர்வேஸ் விமானிகள் இதை ஏற்கவில்லை. 2008-இல் பழைய சங்கத்தை வாக்களித்து வெளியேற்றிப் புதிய சங்கத்தை அமைத்தார்கள். சிறுபான்மைத் தரப்பு நீதிமன்றம் சென்றது. அந்நிறுவனம் 2013 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும் வரையிலும்கூட விமானிகள் இரு பட்டியல்களின் கீழ்தான் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருங்கிணைந்த பட்டியல் 2016-இல்தான் உருவானது. அமெரிக்கனோடு இணையும் வரை பழைய ஊதிய விகிதத்திலேயே தேங்கியிருந்ததால், பட்டியலில் யார் எங்கே இருந்தாலும் இழப்பு இரு தரப்புக்கும் இருந்தது.

இதற்கு நேர்மாறானது டெல்டா, நார்த்வெஸ்ட் இணைப்பு. 2008 அக்டோபர் இறுதியில் இணைப்பு நிறைவேறுவதற்கு முன்பே இரு தரப்பு விமானிகளும் ஒரே கூட்டு ஒப்பந்தத்தை முடித்திருந்தார்கள். பணிமூப்பு நடுவர் தீர்ப்பு அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பிலும் மனக்குறை கொண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் ஊதிய உயர்வும் பணி விதிகளும் ஏற்கனவே உறுதியாகியிருந்ததால், பட்டியல் பற்றிய சண்டை நிறுவனத்தையே முடக்கும் அளவுக்கு வளரவில்லை. நிர்வாகத்துக்கு நம் ஒத்துழைப்பு மிகவும் தேவைப்படுவது இணைப்பு நிறைவேறுவதற்கு முன்புதான். கையெழுத்தான பிறகு காலம் அவர்கள் பக்கம் போய்விடுகிறது. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட வலுவாக நான் சொல்லக்கூடியது இதுவே: பட்டியலை உருவாக்கும் முறை, நடுவர், கால வரம்பு ஆகிய மூன்றையும் இணைப்புக்கு முன்பே எழுத்தில் பெறுங்கள்.

இதைத் தள்ளிப்போட்டதன் விலையை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் கொடுத்தன. 2007-இல் இரு நிறுவனங்களும் சட்டப்படி ஒன்றாயின. ஊதியமும் பதவி உயர்வும் இரண்டாகவே இருந்தன. 2011-இல் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதியச் சமநிலை கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு, புதிய போயிங் 787 டிரீம்லைனர் விமானங்களுக்கான பயிற்சியை இரு தரப்புக்கும் பகிர்வதை எதிர்த்து ஏர் இந்தியா தரப்பு விமானிகள் 58 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊழியர் ஒருங்கிணைப்பு பற்றிப் பரிந்துரைக்க நீதிபதி தர்மாதிகாரி குழு அமைக்கப்பட்டதே 2011-இல்தான். இணைப்புக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பதில்: தரைத்தளம்

இதுவரை பேசியவர்கள் விமானத்தில் பணிபுரிபவர்களைப் பற்றியே பேசினார்கள். விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்பவர்கள், சரக்கும் பைகளும் ஏற்றுபவர்கள், பராமரிப்புப் பொறியாளர்கள், தலைமை அலுவலகத்தில் கட்டணம் நிர்ணயிப்பவர்கள், கணக்கர்கள் ஆகியோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானங்களின் எண்ணிக்கை குறையாதவரை விமானிகளும் கேபின் குழுவும் தேவை. ஆனால் இரு தலைமை அலுவலகங்கள் தேவையில்லை. ஒரே விமான நிலையத்தில் இரண்டு முகப்புகளும் இரண்டு நிலைய மேலாளர்களும் தேவையில்லை. இணைப்பால் மிச்சமாகும் என்று பங்குதாரர்களுக்குக் காட்டப்படும் தொகையில் ஒரு பகுதி இவர்களுடைய ஊதியம்தான்.

அடி விழும் காலமும் வேறு. டெல்டா, நார்த்வெஸ்டிடமிருந்து பெற்ற மெம்பிஸ் மையத்தை, அதாவது பயணிகள் விமானம் மாறும் முக்கிய நிலையத்தை, 2013-இல் மூடியது. யுனைடெட், கான்டினென்டலிடமிருந்து பெற்ற கிளீவ்லாண்டில் மைய நடவடிக்கையை 2014-இல் முடித்துக்கொண்டது. இரண்டுமே இணைப்பு நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, அறிவிப்புக் காலத்து வாக்குறுதிகளை யாரும் நினைவில் வைத்திராதபோது நடந்தவை. விமானி வேறு தளத்துக்கு மாறிப் பயணம் செய்து வேலைக்கு வரலாம். பை ஏற்றுபவரால் அது முடியாது. அவருடைய ஊதியம் இடமாற்றச் செலவைத் தாங்காது.

பராமரிப்புப் பிரிவில் விமான வகை முக்கியம். இரு நிறுவனங்களும் வெவ்வேறு வகை விமானங்களை வைத்திருந்து, புதிய நிர்வாகம் ஒரு வகையைக் கைவிட முடிவு செய்தால், அந்த வகைக்குச் சான்று பெற்ற பொறியாளர்கள் ஒரே நாளில் உபரி ஆகிவிடுவார்கள். மறு வகைக்கான பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், பிறகு கேட்டு எந்தப் பயனும் இல்லை.

ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை இவர்கள் எல்லோரையும்விட மோசம். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இணைப்பு நாளன்று பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டால், அது ஆட்குறைப்பு என்ற கணக்கிலேகூட வராது. உங்கள் சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இவர்களையும் சேர்த்துப் பேசுங்கள் என்று மனமார வேண்டுகிறேன்.

நீலவானம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று புதிதாக ஒன்று நடந்தது. ‘பணி நியமன உறுதிக் கடிதம்’ என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அதில் ‘பணியில் சேரும் நாள்’ என்ற இடத்தில் இணைப்பு நடைமுறைக்கு வரும் நாள் குறிப்பிடப்பட்டிருக்கிறது. என் பழைய பணிக்காலம் பற்றி ஒரு வரியும் இல்லை. இது வழக்கமான நடைமுறைதானா?

பதில்: சட்டப்பக்கம்

தொழிலாளர் சட்டத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் நாட்டுச் சட்டத்தை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் கடிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். அந்தத் தேதி சிறிய விஷயமன்று. அது அப்படியே நின்றால், பணிக்கொடை, விடுப்பு உரிமை, ஆட்குறைப்பு இழப்பீடு ஆகியவை புதிய தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்று நாளை வாதிட இடம் கிடைக்கும். ‘இந்தக் கடிதம் முந்தைய எல்லா உடன்பாடுகளுக்கும் மாற்றாக அமையும்’ என்ற பொருளில் ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த இணைப்பு எந்த வடிவில் நடக்கிறது என்பதே. உங்கள் நிறுவனத்தின் பங்குகளை மட்டும் வாங்குகிறார்கள் என்றால், உங்களுக்கு ஊதியம் தரும் நிறுவனம் அப்போதைக்கு மாறுவதில்லை. பழைய ஒப்பந்தம் அப்படியே தொடர வேண்டும், புதிய நியமனக் கடிதமே தேவையில்லை. மாறாக, தொழில் முழுவதும் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்படுகிறது என்றால், பல நாடுகளில் அதற்கெனத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1977 முதலே இதற்கான நெறிமுறை இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2001-இல் வெளியிடப்பட்ட வடிவம். அதன்படி வேலை ஒப்பந்தத்தால் பழைய முதலாளிக்கு இருந்த கடமைகள் பெரும்பாலும் புதிய முதலாளிக்குத் தாமாகவே செல்லும். பிரிட்டனிலும் இதே அடிப்படையில் 2006-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. இந்தியாவில், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப்எஃப் பிரிவாக நெடுங்காலம் இருந்த விதியின்படி, பணிக்காலம் தடைப்படாமலும், பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறையாமலும், பிற்கால ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குப் பழைய பணிக்காலத்தையும் சேர்த்துப் புதிய முதலாளி பொறுப்பேற்றும் இருந்தால் மட்டுமே, மாற்றத்தின்போது இழப்பீடு தராமல் இருக்கலாம். அமெரிக்காவில் 1972-இல் அலிகெனி, மொஹாக் விமான நிறுவனங்களின் இணைப்பின்போது விமானத் துறை ஒழுங்குமுறை வாரியம் விதித்த பாதுகாப்பு நிபந்தனைகள், பிற்காலத்தில் அந்த வாரியமே கலைக்கப்பட்டதால் தானாகக் கிடைக்காமல் போயின. டி.டபிள்யூ.ஏ. ஊழியர்களுக்கு நேர்ந்ததன் விளைவாக 2007 டிசம்பரில் மெக்காஸ்கில், பாண்ட் என்ற இரு செனட்டர்களின் பெயரால் அழைக்கப்படும் சட்டத்திருத்தம் வந்து, பணிமூப்பை நியாயமாக ஒருங்கிணைக்க வேண்டும் என்ற விதியை மீட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். பணிக்காலத் தொடர்ச்சியும் பணிமூப்பு வரிசையும் ஒன்றல்ல. முதலாவதைப் பல நாட்டுச் சட்டங்கள் காக்கின்றன. இரண்டாவது பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தையே நம்பியிருக்கிறது.

நிர்வாகத்துக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். பழைய பணியில் சேர்ந்த நாளே எல்லாப் பயன்களுக்கும் தொடக்க நாளாகக் கொள்ளப்படும் என்று கடிதத்தில் சேர்க்கக் கோருங்கள். ஒரு வாரக் கெடுவை நீட்டிக்கக் கேளுங்கள். முடிந்தவரை தனியாக அல்லாமல் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். பழைய நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், பயிற்சிச் சான்றுகள், இப்போதைய பணிமூப்புப் பட்டியல் ஆகியவற்றின் படிகளை உங்கள் சொந்தக் கணினியில் இன்றே சேமித்துவிடுங்கள். இணைப்புக்குப் பிறகு பழைய நிறுவனத்தின் இணையதளக் கணக்கு மூடப்பட்டு, தன் பணிக்காலத்தை நிரூபிக்க ஆவணம் இல்லாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: மேகத்திட்டு

எல்லோரும் இணைப்பின் தீமையையே எடுத்துச் சொல்வதால், மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். இணைப்பு நடக்காவிட்டால் ஊழியர் பாதுகாப்பாக இருப்பார் என்று கொள்ள முடியாது. ஜெட்புளூ நிறுவனம் ஸ்பிரிட்டை வாங்குவதை அமெரிக்க நீதிமன்றம் 2024 ஜனவரியில் தடுத்தது. பயணிகளுக்குக் குறைந்த கட்டணம் கிடைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு ஸ்பிரிட் தன் விமானிகள் பலரைத் தற்காலிகமாகப் பணிநிறுத்தம் செய்தது. நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. கிங்ஃபிஷர் 2012-இலும் ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் பறப்பதை நிறுத்தியபோது, மாதக்கணக்கான ஊதிய நிலுவையோடு ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குப் பட்டியலின் கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் நிதிநிலை என்ன என்பதைப் பார்க்காமல், இணைப்பு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய வேண்டாம்.

பதில்: ஒப்பந்தமேசை

மேகத்திட்டு சொல்வதை மறுக்கவில்லை. நலிந்த நிறுவனத்தின் ஊழியருக்குப் பேரம் பேசும் வலிமை குறைவாக இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதையே காரணமாகக் காட்டி எந்த நிபந்தனையையும் ஏற்கச் செய்வது நியாயமாகாது. வாங்குகிறவருக்கு விமானங்களும் தரையிறங்கும் நேர உரிமைகளும் மட்டும் போதாது. அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற மனிதர்களும் முதல் நாளிலிருந்தே வேண்டும். 2024 ஏப்ரல் தொடக்கத்தில், ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவில் புதிய ஊதிய அமைப்பு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஊதியம் உறுதியான பறப்பு நேரத்தை மாதம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்ததில் விமானிகள் அதிருப்தி அடைந்தார்கள். போதிய விமானிகள் இன்றிப் பல விமானங்கள் ரத்தாயின. இணைப்பு அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி நடந்தது. ஊழியரின் மனநிலையைக் கணக்கில் கொள்ளாத இணைப்பு பயணிகளையும் பாதிக்கிறது என்பதை நிர்வாகங்களும் அறியும். உங்கள் வலிமை அதில் இருக்கிறது.

இணைப்புக்கு முன்பே விலகலாமா என்ற நீலவானத்தின் கேள்வி மட்டும் பதிலின்றி நிற்கிறது. பணிமூப்பை நாம் வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. எங்கே சேர்ந்தாலும் அங்கே பட்டியலின் கடைசிப் பெயர் உங்களுடையதாக இருக்கும். ஆகவே, விலகிச் செல்வதால் நிச்சயம் நேரும் இழப்பை, தங்குவதால் நேரக்கூடிய இழப்போடு ஒப்பிடுங்கள். பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவருக்கு இழக்க அதிகம் இல்லை. வளரும் நிறுவனம் ஒன்றில் நல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவர் போகலாம். உங்களைப் போலப் பல ஆண்டுகள் இருந்தவர், பட்டியல் எந்த முறையில் உருவாகும் என்பது எழுத்தில் வரும் வரையாவது காத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கிடையில் வேறு விண்ணப்பங்களை அனுப்பி வைப்பதில் தவறில்லை. அந்தக் கடிதத்துக்கு நிர்வாகம் என்ன பதில் தருகிறது என்பதை இங்கே எழுதுங்கள். வரைவு தேவைப்பட்டால் சட்டப்பக்கமும் நானும் சேர்ந்து பார்த்துத் தருகிறோம்.